கதவில் சிக்கிய பெட்டி

போன மாதம் ஃப்ரீமான்ட்டில் சந்தித்தபோது, எடிட்டிங் கற்றுக்கொண்டிருக்கும் நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஆன்ட்டி, எந்த இடத்துல கட் பண்ணணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். எங்கே வெட்டுவது என்பதை உங்களுக்குக் கம்ப்யூட்டரே கற்றுக்கொடுத்துவிடும். எப்போது வெட்ட மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்கு என்னிடம் ஒரு சவப்பெட்டிக் கதை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்தது ஹூஸ்டனில் ஒரு சின்ன டிவி சேனலில். அதற்கு முன் சென்னையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் தெரிந்தவர்கள் வீட்டு அடக்க வீடியோக்களும் என்னிடம்தான் வரும். கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் எடிட்டிங். அதையே பிடித்துக்கொண்டேன்.

சேனலில் என் வேலை, பழைய காமெடித் தொடர்களை மறு ஒளிபரப்புக்குத் தயார் செய்வது. அவை எடுக்கப்பட்ட காலத்தில் விளம்பரம் குறைவு, கதை நீளம். எங்கள் காலத்தில் விளம்பரம் அதிகம். ஆகவே ஒவ்வொரு எபிசோடிலும் சில நிமிடங்களை யாராவது வெட்டியாக வேண்டும். அந்த யாரோ நான்தான்.

இந்தத் தொடர்கள் எல்லாவற்றிலும் ஒரு சாவு எபிசோடாவது இருக்கும். தப்பான பெட்டியின் முன் நின்று கதறி அழும் மாமா, பெட்டி வாங்கப் போன கடையில் படுத்துப் பார்த்து மூடிக்குள் மாட்டிக்கொள்பவர், இறந்தவரின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லும் பாதிரியார். துக்க வீட்டில் என்ன சிரிப்பு என்று எங்கள் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும் வேனில் யாரும் சிரிக்காமல் வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த எபிசோடுகள் பிடிக்கும்.

ஒருமுறை, ஒருவர் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கத்தும் காட்சியோடு இடைவேளை விட்டோம். வந்து விழுந்த முதல் விளம்பரம் ஊரில் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் ஒரு ஃப்யூனரல் ஹோமுடையது. அமைதியான இசை, வெள்ளை லில்லிப் பூக்கள், பளபளக்கும் பெட்டி. விற்பனைப் பிரிவில் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் காலை அந்த உரிமையாளரே போன் செய்தார். அந்தத் தொடர் அடுத்து எப்போது வரும், அதே இடம் எனக்குத்தான் வேண்டும் என்றார். நாள் முழுக்கச் சிரித்தோம். ஆனால் அன்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டேன். நாம் கொடுக்கும் படத்துக்குப் பக்கத்தில் என்ன வந்து நிற்கிறது என்று பார்ப்பதும் நம் வேலைதான். பக்கத்தில் வந்து நிற்பது விளம்பரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சில நாள் ஊரே வந்து நிற்கும்.

ஆறரை மணிக்கு நாங்கள் போட்டுக்கொண்டிருந்த தொடர், ஒரு சிற்றூரில் பேக்கரி நடத்தும் குடும்பத்தைப் பற்றியது. அதற்கு எனக்குத் தெரிந்து ஒரு தீவிர ரசிகர் இருந்தார். டேவிட். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர், அளவுக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் எஞ்சினியர். ஒப்பந்த வேலை என்பதால் ஹூஸ்டனின் கிழக்கே உள்ள ரசாயன ஆலைகளில் சில மாதம் ஒன்றில், சில மாதம் இன்னொன்றில் என்று மாறிக்கொண்டே இருப்பார். மனைவி ஷீலா, நர்ஸ். மகள் ஏஞ்சல் அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை தமிழ் ஜெபக் கூட்டத்தில் பார்ப்போம். என்னைப் பார்த்ததும் டேவிட் முதலில் கேட்பது நலமா என்று அல்ல.

"அக்கா, நேத்து டெலிபோன் சீன்ல ஒரு ஜோக்கைக் கட் பண்ணிட்டீங்க. நியூ ஜெர்சியில இருக்கும்போது நான் ஃபுல்லா பார்த்திருக்கேன். என்கிட்ட ஏமாத்த முடியாது."

ஷீலா தலையில் அடித்துக்கொள்வாள். "வேற வேலை இல்லக்கா இவருக்கு."

ஒரு நாள் அவர் கொஞ்சம் சீரியஸாகவே கேட்டார். "பெட்டி எபிசோடு இருக்குல்ல? அதுல மட்டும் ஏன்க்கா கை வச்சாங்க? போன வருஷம் பார்த்தேன். அந்த சைலன்ஸே போயிடுச்சு. ஏஞ்சலுக்கு அதைக் காட்டணும்னு ஆசை. ஆனா அப்படி வெட்டினதைக் காட்ட மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். அந்த எபிசோடில் பேக்கரிக்காரரோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட எதிர்க்கடைக்காரர் இறந்துபோகிறார். பெரிய உடம்புக்காரர், பெரிய பெட்டி. வேண்டாவெறுப்பாக வந்த பேக்கரிக்காரர் பெட்டியின் முன்மூலையைத் தூக்க வேண்டியதாகிவிடுகிறது. தேவாலயக் கதவில் பெட்டி நுழைய மாட்டேன் என்கிறது. சாய்க்கிறார்கள், திருப்புகிறார்கள். உள்ளே பாட்டைத் தொடங்குகிறார்கள், நிறுத்துகிறார்கள். கடைசியில் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள். ஒரு நீண்ட மௌனம். பேக்கரிக்காரர் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறார்: "இத்தனை வருஷத்துல ஒரு நாள் என் கடைக் கதவைத் தாண்டி வந்ததில்லை. இந்தக் கதவுலயும் வர மாட்டியா?" கூட்டம் வெடித்துச் சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பிக்கிறார்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், ஒன்றும் நடக்காத நேரம்தானே என்று அந்த மௌனத்தை வெட்டியிருந்தார். மௌனம் போனதும் சிரிப்பு கேலியாகிவிட்டது. கேலிக்குப் பின் வந்த அழுகை பொய்யாகத் தெரிந்தது. நான் மூல டேப்பை வரவழைத்து, வேறு இடங்களில் நேரத்தைக் குறைத்து, மௌனத்தைத் திரும்ப வைத்தேன். அடுத்த கூட்டத்தில் டேவிட்டிடம் சொன்னேன். "வர்ற வியாழக்கிழமை போடறோம். சைலன்ஸோட."

"ஏஞ்சல், கேட்டியா? தர்ஸ்டே. அப்பா சீக்கிரம் வந்துடுவேன்" என்றார்.

அந்த வியாழக்கிழமை மதியம் கிழக்கே ஒரு ஆலையில் வெடிவிபத்து நடந்தது.

எங்கள் சேனலுக்குச் செய்திப் பிரிவு கிடையாது. சுவரில் மற்ற சேனல்கள் ஓடும் மானிட்டர்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கரும்புகை. சிலரைக் காணவில்லை என்றார்கள். பிறகு சிலர் இறந்துவிட்டார்கள் என்றார்கள். பெயர்கள் எதுவும் வரவில்லை. ஆறரைக்குப் போக வேண்டிய டேப் என் மேசை மேல் இருந்தது.

நிகழ்ச்சி இயக்குநர் விமானத்தில் இருந்தார். அவர் அனுமதி இல்லாமல் ஒளிபரப்பை மாற்றக்கூடாது என்பது விதி. ஒளிபரப்பு வரிசையைக் கவனித்த பெண் என்னிடம் வந்து, "எதையும் தொடாதே ஜெசிந்தா. கையெழுத்து இல்லாமல் மாற்றினால் நாளைக்கு உன்னைத்தான் கேட்பார்கள்" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள்.

எங்கள் டேப் அறைக்கு ஒரு தலைவர் இருந்தார். அதிகம் பேசாத டெக்சாஸ்காரர். அவரிடம் போய் நின்றேன். இதை எடுத்துவிட்டு வேறு எபிசோடு போடப்போகிறேன் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "யாருக்காக எடுக்கிறாய்? பார்ப்பவர்களுக்காகவா, நாளைக்கு வரப்போகும் போன்களுக்குப் பயந்தா?" என்று கேட்டார்.

"இன்று சாயங்காலம் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் சவப்பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது" என்றேன்.

"அப்படியானால் எடு. நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

பிறந்தநாள் கேக் சரிந்து விழும் எபிசோடு ஒன்றைப் போட்டோம். மறுநாள் இயக்குநர் வந்து என் தோளில் தட்டிப் பாராட்டினார். பெட்டி எபிசோடை இனி எப்போதும் ஒளிபரப்பக் கூடாது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மேல் அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இறந்தவர்களில் டேவிட் இருந்தார் என்பது அன்று காலைதான் எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் அவருக்கு அந்த ஆலையில் வேலை.

அடக்க ஆராதனையில் பெட்டியைத் திறக்கவில்லை. நம் வழக்கப்படி குடும்பம் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது, மூடிய பெட்டியைச் சுற்றி. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் மட்டும்தான் வர முடிந்தது. ஏஞ்சல் அழவில்லை. யார் கையைப் பிடித்தாலும் கையைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து, ஹில்கிராஃப்ட் பக்கம் இருந்த அவர்கள் அபார்ட்மென்ட்டுக்குச் சமைத்து எடுத்துப் போனேன். ஷீலா டீ போட்டுக் கொடுத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அந்த எபிசோடை மாத்தினது நீங்களா?"

"ஆமா ஷீலா."

"நாங்க டிவி முன்னாடிதான் உட்கார்ந்திருந்தோம். போன் பண்ணினா லைன் கிடைக்கலை. யாருக்கும் எதுவும் தெரியலை. ஏஞ்சல் அப்பா வந்துடுவாங்க, ஆறரைக்கு ஷோ இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அந்த ஷோ வந்துட்டா அவரும் வந்துடுவார்ன்ற மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான். அப்புறம் பார்த்தா கேக் எபிசோடு வருது." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "டிவிக்காரங்களே மாத்திட்டாங்கன்னா பெருசா ஏதோ ஆயிடுச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. கம்பெனியில இருந்து கால் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

அவளே என் கையைப் பிடித்தாள். "உங்களைத் தப்பு சொல்லலைக்கா. அதைப் போட்டிருந்தா வேற வீடுகள்ல என்ன ஆயிருக்குமோ. நான் கேக்குறது வேற. அதை மறுபடி எப்பப் போடுவீங்க?"

இனிமேல் போட மாட்டார்கள் என்றேன். அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"இவ இப்ப டிவியில யாராவது சிரிச்சா ஆஃப் பண்ணிடறா. ஸ்கூல்ல ஒரு பொண்ணு சிரிச்சதுக்குச் சண்டை. அன்னிக்கு ஷோவை எடுத்ததே அவங்க அப்பாவாலதான்னு எப்படியோ புரிஞ்சு வச்சிருக்கா. அப்பா செத்துட்டாங்க, அதனால இனிமே சிரிக்கக் கூடாதுன்னு ஊரே சேர்ந்து ரூல் போட்ட மாதிரி."

"அந்த டேப்பை ஒரு காப்பி எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டேன். அதற்கும் எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கேட்டேன்.

"காப்பி வேணாம்க்கா. நாம ரகசியமா சிரிக்கிற மாதிரி ஆயிடும். எல்லாரும் பார்க்குற மாதிரி வரணும்."

மறுநாளே இயக்குநர் அறைக்குப் போனேன். கண்டிப்பானவர், ஆனால் நியாயமான பெண்மணி. நான் சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டார். நீ எடுத்தது சரியான முடிவு என்று நானே சொன்னேனே, இப்போது நீயே வந்து போடச் சொல்கிறாயே என்றார்.

"அன்று எடுத்தது சரி. இன்றும் அதைத்தான் செய்வேன். ஆனால் நான் ஒரு சாயங்காலத்துக்காகத்தான் எடுத்தேன். நீங்கள் அதை என்றைக்குமாக எடுத்துவிட்டீர்கள்" என்றேன்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. விளம்பரதாரர்கள் என்றார், ஊர் இன்னும் ஆறவில்லை என்றார். நான் விடவில்லை. அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் நான் கதவைத் தட்டும்போதே, "உள்ளே வா, எனக்குத் தெரியும்" என்றார். கடைசியில் ஒரு வழி சொன்னார். எபிசோடைப் போடலாம், ஆனால் பெட்டி கதவில் சிக்கும் காட்சி வேண்டாம். வீட்டுக்கு வந்து பேசுவது, இரங்கல் உரை, அவ்வளவு போதும். நீதான் கெட்டிக்காரியாச்சே, தெரியாதபடி வெட்டிக் கொடு என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பாதி கிடைத்துவிட்டது என்று தோன்றும். இதற்கு மேல் கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று தோன்றும். நமக்கு வெட்டத் தெரியும் என்பதாலேயே வெட்டிக் கொடுத்துவிடத் தோன்றும். என் கைக்கு அந்த வேலை ஒரு மணி நேர வேலை. அந்தக் குழந்தை பார்க்கப் போவது மறுபடியும் யாரோ ஒளித்து வைத்த ஒரு பெட்டியை.

"நான் வெட்ட மாட்டேன்" என்றேன். "முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம். வேறு யாரையாவது வைத்து வெட்டினால் நான் தடுக்க முடியாது. ஆனால் அந்த டேப்பில் என் பெயர் இருக்காது."

கணவரின் ஆஸ்பத்திரியில் அப்போது ஆட்குறைப்புப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அந்த வேலை அவசியம். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"போன்கள் வந்தால்?" என்றார் அவர்.

"நானே உட்கார்ந்து எடுக்கிறேன். ஒவ்வொன்றையும்."

அவர் எழுந்து போய் மேல் அலமாரியிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். பிறகு தன் கையாலேயே அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார்.

ஒரு வியாழக்கிழமை ஆறரைக்கு அது போனது. நான் அதைப் பார்க்கவில்லை. வரவேற்பு மேசையில் போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டேப் அறைத் தலைவர் வீட்டுக்குப் போகாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். ஒரு அம்மாள் வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஒருவர், இது தனக்கு மிகவும் பிடித்த எபிசோடு என்றார். பிறகு ஒரு ஆண் குரல். கோபத்தில் வார்த்தை தடுமாறியது. அந்த ஆலையில் என் தம்பி செத்தான், உங்களுக்கு இது வேடிக்கையா என்றார்.

நான் விளக்கம் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை கேட்டேன். அவருடைய தம்பியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். "இதைப் போடச் சொன்னது நான்தான்" என்றேன்.

"ஏன்?"

"அங்கே இறந்த இன்னொருவர் இதைத் தன் மகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு மிகவும் பிடித்தது."

மறுமுனையில் அவர் வீட்டு டிவியின் சத்தம் மட்டும் கேட்டது. "அந்தக் குழந்தை இப்போது பார்க்கிறதா?" என்றார்.

"பார்க்கும் என்று நினைக்கிறேன்."

அவர் வைத்துவிட்டார். அவர் மனம் ஆறியதா, என்னை மன்னித்தாரா, இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் சரியாக இருக்கும் முடிவு என்று ஒன்று நம் தொழிலில் கிடையாது. எடுத்த முடிவுக்குப் பக்கத்தில் நாமே உட்கார்ந்திருக்கலாம், கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லலாம். அவ்வளவுதான் முடியும். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஷீலா அன்று கூப்பிடவில்லை. அடுத்த ஜெபக் கூட்டம் முடிந்து, பார்க்கிங்கில் காருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏஞ்சல் ஓடி வந்து என் முன்னால் நின்றாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், கொஞ்சம் கோபமாக.

"ஆன்ட்டி, அந்தக் கதவையே கழட்டியிருக்கலாமே? ஏன் யாருக்குமே தோணலை?"

நான் ஷீலாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "அன்னில இருந்து இதையேதான் கேக்குறாக்கா. பெட்டி மாட்டினதும் விழுந்து விழுந்து சிரிச்சா. அந்த ஆள் உட்கார்ந்து அழ ஆரம்பிச்சதும் இவளும் அழுதா. முதல் தடவையா அழுதாக்கா, என் மடியில படுத்து. தூங்கி எழுந்ததுல இருந்து இந்தக் கதவுக் கேள்விதான்."

"கதவைக் கழட்டியிருந்தா ஷோ சீக்கிரம் முடிஞ்சிருக்குமே, கண்ணு" என்றேன்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் அந்தப் பெண் தமிழில் சொன்னாள்.

"எங்க அப்பான்னா முதல்லயே அளந்து பார்த்திருப்பாங்க."

ஷீலா சிரித்துவிட்டாள். பிறகு நானும்.